தலைவி வீட்டுக்கு மட்டும் கையெழுத்து இல்லை

காட்டுத்தீ டோபின் மேடு என்ற மலையூரை வழித்துத் துடைத்துவிட்டுப் போனதிலிருந்து லோர்னாவும் அவள் கணவன் வெர்லும் ஒரு பழைய கேரவனில்தான் குடியிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டால் அதன் சுவர்கள் உள்பக்கம் வியர்க்கும். வெர்லுக்கு ஏற்கெனவே நுரையீரல் பாதிதான். இன்னொரு குளிர்காலத்தை அதற்குள் கழித்தால் ஆள் தாங்கமாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வீடு கட்ட மரம்கூட வந்து இறங்கியாயிற்று. அனுமதிதான் வரவில்லை.

டோபின் மேட்டுக்கு மேயரும் கிடையாது, நகராட்சியும் கிடையாது. எதற்கும் மலை இறங்கி மாவட்ட அலுவலகத்துக்குத்தான் ஓட வேண்டும். அங்கே ஒரே பாட்டுதான். வீட்டு வாசலில் தீயணைப்பு வண்டி திரும்ப இடமிருக்கிறது என்று ஊர்த் தீயணைப்புத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மனிதரோ தீ அணைந்த கையோடு ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபோய்விட்டார். சம்பளமில்லாத வேலை, வேறு யார் வருவார்கள்? ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் குனிந்து பூட்ஸையே பார்த்தார்கள்.

"சரி, நானே இருந்து தொலைக்கிறேன்" என்றாள் லோர்னா. பலமாகக் கை தட்டினார்கள். அப்போதே அவளுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

"சொந்த வீட்டுக்கு நீங்களே கையெழுத்துப் போடக் கூடாதே மேடம்" என்றாள் மாவட்ட அலுவலகப் பெண்.

"வேற யாரு போடுவா?"

"உங்களுக்கு அடுத்து வர்ற தலைவர்."

அடுத்த தலைவர் வந்தபாடில்லை. ஊரில் ஒவ்வொரு வாசலாகப் போய் அளந்து லோர்னா கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு வீடாக எழும்பியது. "எங்க வீடு முடியட்டும், அப்புறம் நான் தலைவியா இருக்கேன்" என்று சத்தியம் செய்த பெட்டினா, குடிபுகுந்ததும் முழங்கால் வலி என்று கதவைச் சாத்திக்கொண்டாள். லோர்னாவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

கடைசியாகப் பக்கத்து நிலத்து ராய் தன் வீட்டு அனுமதித் தாளோடு வந்து நின்றான்.

"போட்டுக் குடுங்கக்கா. வீட்டைக் கட்டினதும் தலைவர் வேலைய நான் எடுத்துக்கறேன்."

"நாம ரெண்டு பேரும் சேந்து ஆபீஸ் போவோம், ராய். அங்க வெச்சு உனக்குப் போடறேன். அங்கயே நான் விலகறேன், நீ ஏத்துக்கிட்டு எனக்குப் போடு."

"என்னக்கா, எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கையெல்லாம் தீந்துபோச்சுப்பா. வண்டில பெட்ரோல்தான் இருக்கு."

ராயின் முகம் கறுத்தது. "நீங்க இப்படிப்பட்டவங்கன்னு நெனக்கல."

"நானும் நெனக்கல" என்றாள் லோர்னா. அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் பேனாவை எடுக்கவில்லை.

கேரவனுக்குள் வெர்ல் இருமத் தொடங்கினார். இருமல் லேசில் நிற்கவில்லை. ராய் அந்தப் பக்கம் பார்த்தபடி தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"ஆபீஸ் மூட இன்னும் நேரமிருக்கு. இப்பவே ஏறுங்க, போலாம்."

எழுந்திருக்கப் பார்த்தாள் லோர்னா. பாதி எழுந்து மறுபடி கேரவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தான் எவ்வளவு களைத்துப்போயிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ராய் கையை நீட்டினான்.