தோட்டச் சங்கம் தேர்ந்தெடுத்த தேடுபொறி

சங்கக் கூடத்துச் சாவி கடைசியில் ஃப்ரிட்ஜுக்குள் அகப்பட்டது. வெண்ணெய்ப் பெட்டியின் மூடிக்குக் கீழே, சில்லிட்டுக் கிடந்தது. அதைத் துடைத்துக் கணவரிடம் கொடுக்கும்போது கெர்லிண்டே சிரித்தாள். சிரிப்பதற்கு அவள் பழகியிருந்தாள்.

"பூட்டுக்கு எண்ணெய் விடச் சொன்னா, சாவிக்கு வெண்ணெய் தடவுறியா?"

சிக்மார் சிரிக்கவில்லை. கூடத்து வாசலில் உறுப்பினர்கள் தூறலில் நனைந்துகொண்டு காத்திருந்தார்கள். அவர்களிடமும் அவளே முந்திப் போய் வெண்ணெய்க் கதையைச் சொன்னாள். அடுத்தவர் கண்டுபிடித்தால் அது சேதி; நாமே சொல்லிவிட்டால் வெறும் வேடிக்கை. இது அவள் கணக்கு.

சிக்மார் வென்சல் அந்தத் தோட்டச் சங்கத்தின் தலைவர். லைப்சிக்குக்குத் தெற்கே ரயில் பாதையோரம் வரிசையாகப் பிரித்த சின்னச் சின்னத் தோட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குடில், நாலு பாத்தி, ஓர் ஆப்பிள் மரம், அந்த மரத்தைப் பற்றி ஒரு விதி. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் 'தோட்டத் தோழர்' என்றுதான் விளிக்க வேண்டும், திட்டுவதற்கு முன்னாலும்கூட. வேலி இடுப்பளவுக்கு மேல் வளரக் கூடாது. ஞாயிறுதோறும் சிக்மார் அளவுகோலோடு நடந்து வேலிகளை அளப்பார். இதே சிக்மார்தான், தெருக்களைப் படம் பிடித்து இணையத்தில் போடுகிறவர்களுக்குக் கண்டனம் எழுதித் தன் வீட்டை மட்டும் மங்கலாக்க வைத்தவர். உலகத்தில் எவனும் அவர் வீட்டைப் பார்த்துவிடக் கூடாது. ஆனால் எதிர்த் தோட்டத்து மார்லிஸின் தட்டில் என்ன கிழங்கு கிடக்கிறது என்பது சங்கத்துக்கே தெரிந்தாக வேண்டும்.

பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியில் உளவுத்துறை அவரைப் பற்றியும் ஒரு கோப்பு வைத்திருந்தது. நாட்டை இரண்டாகப் பிரித்த சுவர் இடிந்த பிறகு போய்க் கேட்டு வாங்கிப் படித்தார். மெலிந்த கோப்பு. பொருளாளர் பெட்சோல்டின் கோப்பு அதைவிடத் தடிமன் என்று தெரிந்தபோது கொஞ்ச நாள் யாரோடும் பேசாமல் இருந்தார். பிறகு, தன் கோப்பின் பெரும்பகுதியை எரித்துவிட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்.

இப்போது அவரை மறுபடியும் வேவு பார்க்கிறார்கள். அப்படித்தான் அவர் நம்பினார். கம்ப்யூட்டரில் வானிலை பார்க்கப் போனால் ஓரத்தில் ஞாபகசக்தி மாத்திரை எட்டிப் பார்த்தது. கால்பந்து முடிவு பார்க்கப் போனால் முதியோர் இல்லத்து மேசையில் வெள்ளைப் பற்களோடு கிழவர்கள் சிரித்தார்கள். கிழமையைப் பெரிய எழுத்தில் காட்டும் சுவர்க் கடிகாரம் ஒன்று அவரை விடாமல் துரத்தியது.

"எவனோ என்னப் பத்திக் கோள் சொல்லியிருக்கான். எனக்கு எதுக்குக் கிழமை காட்டுற கடிகாரம்?"

"வயசானவங்க எல்லாருக்கும்தான் அது வருது," என்றாள் கெர்லிண்டே.

"யாரு வயசானவன்?"

கோள் சொன்னவள் அவள்தான். அவர் வேலி அளக்கப் போயிருக்கும் நேரங்களில் அதே கம்ப்யூட்டரில், அதே கணக்கில், அவள் தேடிக்கொண்டிருந்தாள். மருத்துவரிடம் அழைத்துப் போக முடியாது. இங்கே மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்த்து நேராகச் சொல்லிவிடுவார். அதை நேர்மை என்பார்கள். சிக்மாரின் தந்தை கடைசிக் காலத்தை ஓர் இல்லத்தில் கழித்தவர். மகனைத் தபால்காரன் என்று நினைத்துக் கடிதம் கேட்பார். ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி சிக்மார் சொன்னார்: "நான் இப்படி ஆகிறேன்னு தெரிஞ்ச அன்னிக்கு, குழி ஏரிக்கு வழி எனக்குத் தெரியும். யாரும் வழி காட்ட வேணாம்."

குழி ஏரி என்பது பழைய நிலக்கரிச் சுரங்கம்; தண்ணீர் நிரப்பி அழகாக்கியது. கரையிலிருந்து சில அடிகளிலேயே ஆழம். சிக்மார் சொன்னதைச் செய்கிறவர். அவரோடு வாழ்ந்ததில் கெர்லிண்டே கண்ட பெரிய குறை அதுதான். அதனால் அவருக்குத் தெரியக் கூடாது. தெரியாதவரை ஏரி வெறும் ஏரி.

தேடியதை எல்லாம் ஒவ்வொரு முறையும் அழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். கம்ப்யூட்டரில் அழித்தால் எங்கும் அழிந்துவிடும் என்று நம்பினாள். பாத்திரம் கழுவுகிற மாதிரிதானே.

விளம்பரங்களின் தொல்லை தாங்காமல் சிக்மார் சங்கத்தைக் கூட்டினார். கூட்டத்துக்கு ஒரே பொருள்: உறுப்பினர்கள் இனி அன்றாடம் பயன்படுத்த, ஒருவரையும் வேவு பார்க்காத தேடுபொறி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. தக்காளிச் செடிக்கு வந்த கருகல் நோயைப் பற்றிப் பேசலாமே என்றார் பெட்சோல்ட். சுதந்திரம் தக்காளியைவிடப் பெரியது என்றார் தலைவர்.

பிற்பகல் கூட்டம். காபி, பிளம் பழக் கேக், சுவரில் வெள்ளைத் துணி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர், அதோடு இணைத்த சிக்மார் வீட்டுக் கம்ப்யூட்டர். சிக்மார் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அதன் முடிச்சைப் போட்டுவிட்டது கெர்லிண்டே என்பது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள்.

போட்டியில் மூன்று இருந்தன. ஹாலந்துக்காரர்களுடையது ஒன்று, நாம் யார் என்பதை மறைத்துவிட்டுப் பெரிய இயந்திரத்திடம் கேட்டுச் சொல்லும். பிரெஞ்சுக்காரர்களுடையது ஒன்று. இன்னொன்று, தேடத் தேட எங்கோ மரம் நடும்.

"மரம் எவ்வளவு உசரம் வளரும்?" என்று கேட்டார் பின் வரிசைக் கிழவர் ஒருவர். "காட்டு மரம் நடக் கூடாதுன்னு நம்ம விதியில இருக்கு."

"அது ஆப்பிரிக்காவுல நடுறாங்க, தோட்டத் தோழரே."

"எங்க நட்டா என்ன, விதி விதிதானே."

பிரெஞ்சு இயந்திரம் சாப்பாட்டு நேரத்தில் வேலை செய்யுமா என்று மார்லிஸ் சந்தேகம் கேட்டாள். கூடம் சிரித்தது. சிக்மார் மேசையைத் தட்டினார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. இப்ப நீங்க வச்சிருக்கிற பெரிய இயந்திரம் உங்களை எப்படி மோப்பம் பிடிக்குதுன்னு கண்ணால பாருங்க. ரெண்டு வார்த்தை போட்டாப் போதும், மிச்சத்தை அதுவே சொல்லும். யாராவது ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

"'என் கணவர்'னு போடு," என்றாள் மார்லிஸ். "ஊர்ல பொம்பளைங்க எல்லாம் தேடுறது அதைத்தான்."

கெர்லிண்டேவின் கையில் காபிக் கோப்பை இருந்தது. அதைக் கீழே வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சிக்மார் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். வெள்ளைத் துணியில் கீழே கீழே வரிகள் விழுந்தன, பெரிய எழுத்தில், கடைசி வரிசைக்கும் தெரியும்படி. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தீர்ப்பு வாசிக்கும் குரலில் வாசித்தார்.

"'என் கணவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.' பாத்தீங்களா? எவளோ பாவம், மனசு விட்டுக் கேட்டிருக்கா. 'என் கணவருக்குக் கழுத்துப்பட்டி கட்டத் தெரியவில்லை, மறதி நோயா?' இதையும் சேர்த்து வச்சிருக்கான், வெக்கம் கெட்டவன். 'என் கணவருக்கு மறதி நோய் என்பதை அவரிடம் மறைப்பது எப்படி?'" அவர் நிமிர்ந்தார். "அந்த ஆளுக்கு இது தெரிஞ்சா எப்படி இருக்கும், சொல்லுங்க."

மார்லிஸ் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இருக்கு. 'என் கணவர் சங்கச் சாவியை வெண்ணெய்ப் பெட்டிக்குள்...'"

அங்கே நின்றார். துணியை ஒருமுறை பார்த்தார். கழுத்துப்பட்டியின் முடிச்சைத் தொட்டார். பிறகு கூடத்தில் மனைவி உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தேடி, அவளைப் பார்த்தார். கெர்லிண்டே சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"இதனாலதான்," என்றார் சிக்மார், "இதனாலதான் தோட்டத் தோழர்களே, நமக்கு வேற ஒண்ணு வேணும்னு சொல்றேன். ஹாலந்து இயந்திரத்துக்கு ஆதரவானவங்க கை தூக்கலாம்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. மர விதிக் கிழவர் இரண்டு கையையும் தூக்கினார். அந்தச் சங்கத்தின் வரலாற்றில் எதிர்ப்பே இல்லாமல் ஒரு தீர்மானம் நிறைவேறியது அதுதான் முதல் தடவை. தட்டிலிருந்த கேக்கைக்கூட யாரும் முடிக்காமல் கலைந்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கூட்டம் ஒழுங்கா நடந்துச்சு." அதற்குள் மறந்துவிட்டாரா, மறக்காமல்தான் அப்படிச் சொல்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். கட்டிய கணவனுக்காக ஒருத்தி அப்படி வேண்டிக்கொள்வது அசிங்கம்தான். வேண்டிக்கொண்டாள். சாப்பாட்டுக்குப் பின் அவர் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, புதிய தேடுபொறியைத் தானே பொருத்தினார். உதவிக்கு வந்தவளைக் கையசைத்துப் போகச் சொன்னார்.

காலையில் படுக்கையின் மறுபாதி ஆறிக் கிடந்தது. சைக்கிள் இல்லை. கம்ப்யூட்டர் மேசைமேல் திறந்திருந்தது, திரையில் வெற்றுக் கட்டம். எதையோ தேடியிருக்கிறார். அவள் பின்னோக்கும் அம்பை அழுத்தினாள். ஒன்றுமில்லை. பட்டியலைத் திறந்தாள். ஒன்றுமில்லை. கீழே சிறிய எழுத்தில், நீங்கள் தேடுவது எதையும் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை என்று எழுதியிருந்தது. சங்கம் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த இயந்திரம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

பெட்சோல்டின் வீடு அடுத்த தெருவில். அவரிடம் கார் இருந்தது. உள்ளங்கி மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடிக் கதவைத் தட்டினாள்.

"குழி ஏரிக்குப் போகணும். சிக்மார்... அவருக்கு ஞாபகம்... நான் யார்கிட்டயும் சொல்லல..."

"வண்டியில ஏறு," என்றார் பெட்சோல்ட், சாவியை எடுத்தபடி. தெருமுனை திரும்பும்போதுதான் மறுபடி பேசினார். "போன கோடையிலேயே எல்லாருக்கும் தெரியும். வேலியை அளந்துட்டு, திரும்பி வந்து அதே வேலியை அளப்பான். நாங்களும் அளக்க விட்டுட்டு நிப்போம்."

"ஏன் யாரும் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நீ வந்து வெண்ணெய்க் கதை சொல்லிச் சிரிக்கிற."

ஏரிக்கரைப் பலகையில் சிக்மார் உட்கார்ந்திருந்தார். வெறுங்கால். கால்சட்டை தொடை வரை நனைந்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் காலணிகள், நுனி நுனியோடு சேர, அளந்து வைத்த மாதிரி. அவற்றில் ஒன்றுக்குள் கைக்கடிகாரமும் கல்யாண மோதிரமும் கிடந்தன. கெர்லிண்டேவைப் பார்த்ததும் அவர் முகத்தில் பெரிய கோபம் வந்தது.

"பாத்தியா இதை? எவனோ என் மோதிரத்தைக் கழட்டி ஷூவுக்குள்ள போட்டிருக்கான். கால்சட்டையெல்லாம் தண்ணி. கூட்டத்துல இதை எழுப்பாம விட மாட்டேன்."

அவள் அவர் முன்னால் மண்டியிட்டுக் கழுத்துத் துணியால் கால்களைத் துடைத்தாள். அவை கல்லைப் போல் குளிர்ந்திருந்தன. அவர் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார்.

"கெர்லிண்டே, நான் இங்க எதுக்கு வந்தேன்? ஏதோ ஒரு வேலையாத்தான் வந்தேன். முக்கியமான வேலை."

பெட்சோல்ட் காரின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"ரொட்டி வாங்க," என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமை ரொட்டி."

"அப்ப ரொட்டி எங்க?"

"கடை இன்னும் திறக்கல."

அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது. நாளைக்கும் போதுமா என்பது தெரியாது. வந்த வேலை எந்தக் காலையிலும், பல் துலக்கும்போது, காபி கலக்கும்போது, அவருக்கு ஞாபகம் வந்துவிடலாம். அவள் மோதிரத்தை அவர் விரலில் மாட்டப் பார்த்தாள். விரல் குளிரில் விறைத்து மடங்க மறுத்தது. தொலைந்துவிடுமே என்று மூட்டு பருத்த தன் விரலில், தன் மோதிரத்துக்கு மேலேயே அழுத்தி மாட்டிக்கொண்டு, அவருக்குக் காலணி போட்டுவிட்டாள்.

கைத்தாங்கலாக அவரைக் காரில் ஏற்றும்போது பெட்சோல்ட் அவள் கையைப் பார்த்தார்.

"அதைக் கழட்டு. ரெண்டையும் சேர்த்துப் போடுறது புருஷன் போனவ."

அவள் இழுத்தாள். திருகிப் பார்த்தாள்.

"வர மாட்டேங்குது," என்றாள்.