இடது பக்கம் பிடிப்பவள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அது தப்பு. மூக்கு நுனியில் இருந்தால் வரும்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடுமே. என் கோபம் கையில் இருக்கிறது. எதையாவது டமார் என்று வைத்த பிறகு, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எனக்கே தெரியும்.

இப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு நான் பார்க்கிற தொழில் கார்களுக்கு முன் கண்ணாடி மாற்றுவது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். பதினான்கு வருடமாக இதில்தான் பிழைப்பு. கடை எனக்கும் என் நாத்தனாருக்கும் சேர்த்துத்தான். நாத்தனாரோடு ஒரே தெருவில் குடியிருப்பதே பெரும்பாடு, ஒரே கடையில் எப்படி என்று கேட்காத ஆள் இல்லை. ஒரு கண்ணாடியின் இரண்டு ஓரத்தை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சண்டை போட முடியாது, அவ்வளவுதான் விஷயம் என்பேன்.

வலது பக்கம் நான், இடது பக்கம் அவள். கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கிற ரப்பர் கப்புகளை ஆளுக்கு இரண்டாக அழுத்திக்கொண்டு நிற்போம். ஒன்று, இரண்டு, மூன்று என்றெல்லாம் எண்ணுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அவள் மூச்சை இழுத்து “ம்” என்பாள். அந்த “ம்” முடிவதற்குள் கண்ணாடி மேலே இருக்கும். இறக்குவதற்கும் அதே “ம்”தான். எனக்கு வேறு மாதிரி தூக்கத் தெரியாது.

நடுவில் பதினோரு வாரம் மட்டும் அந்த “ம்” கடையில் கேட்கவே இல்லை. பல் டாக்டரின் கார் வந்ததிலிருந்து பிடித்த வினை.

அது சாதாரண கார் இல்லை. கடல் தாண்டி எங்கேயோ ஒரு சின்னப் பட்டறையில் கையாலேயே கட்டிய ஸ்போர்ட்ஸ் கார். இந்த மாடலில் மொத்தமே முன்னூறுதான் செய்தார்களாம், பிறகு நிறுத்திவிட்டார்கள். தரையோடு தரையாக இருக்கும். ஏறுவது என்று சொல்லக் கூடாது, இறங்கி உட்கார வேண்டும். முன்னால் போன லாரி தெறித்த ஒரு கல், கண்ணாடி நடுவில் நட்சத்திரம் போல விழுந்துவிட்டது. டாக்டர் அந்தப் பட்டறைக்கே எழுதிக் கண்ணாடி வரவழைத்தார். நாங்கள் மாட்டினோம். அழகாக உட்கார்ந்தது. மறுநாள் காலையில் கடையைத் திறந்தால், இடது பக்கக் கீழ் மூலையிலிருந்து நடுவரைக்கும் ஒரு விரிசல் ஓடியிருந்தது.

முதலில் பார்த்தது நாத்தனார்தான். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

“அண்ணி, நேத்து இறக்கும்போது வைப்பர் கம்பில லேசா பட்ட மாதிரி இருந்துச்சு. நான் சொல்லாம விட்டுட்டேன். என் பக்கம்தான் அண்ணி. நான்தான்.”

பதறியடித்துக்கொண்டு வந்த டாக்டரிடம், “கை தவறிடுச்சு டாக்டர், வேற கண்ணாடி வரவழைச்சு மாட்டித் தரது எங்க பொறுப்பு” என்றேன். யார் கை என்று சொல்லவில்லை. அவர் விரிசல் தொடங்கிய மூலையைப் பார்த்தார், பிறகு அந்த மூலைக்குப் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார். அதற்குப் பிறகு கடைக்கு வரும்போதெல்லாம் என்னிடம் மட்டும்தான் பேசினார்.

நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

கண்ணாடி மாட்டிய அன்று சாயங்காலம் அவள் முன்னதாகவே கிளம்பிவிட்டாள். நான் காருக்குள் உட்கார்ந்து தூசி துடைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அன்றைக்கு ஆறாவது முறையாகப் போன் பண்ணினார். பசை காய்ந்ததா, எப்போது எடுக்கலாம், தொட்டுப் பார்த்தீர்களா என்று. “ஆச்சுங்க, ஆச்சு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, வெளியே வந்து கதவை அறைந்து சாத்தினேன்.

இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் ஒன்று உண்டு. புதுக் கண்ணாடி மாட்டினால், பசை இறுகுகிற வரைக்கும் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவைச் சாத்தும்போது உள்ளே இருக்கிற காற்றுக்குப் போக வழி கிடைக்காமல், பசை காயாத கண்ணாடியை முட்டித் தள்ளும். ஊருக்கெல்லாம் நான் சொல்கிற பாடம் அது. அன்றைக்கு இரண்டு ஜன்னலும் மேலே இருந்தன. அந்தக் காரோ இறுக்கி மூடிய டப்பா. “டப்” என்று ஒரு சத்தம். இடது கீழ் மூலை நகக்கனம் எழும்பி நின்றது. எழும்பியதை உள்ளங்கையால் அமுக்கினேன். பதமாக இல்லை, கோபத்தோடு அமுக்கினேன். உட்கார்ந்துவிட்டது. அந்த அமுக்கில் விழுந்த விரிசல்தான் ராத்திரியில் நடுவரைக்கும் ஓடியிருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

காலையில் அவள் “நான்தான்” என்று சொன்னபோது, சொல்வதற்கு எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடத்தை விட்டுவிட்டேன். அடுத்த நாள் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. வாரம் ஏற ஏற, வாய் பூட்டிக்கொண்டது.

அவள் அன்றிலிருந்து கண்ணாடியைத் தொடவில்லை. சின்னச் சின்னப் புள்ளி விழுந்த கண்ணாடிகளுக்குப் பிசின் வைத்து அடைப்பாள், போன் எடுப்பாள், கூட்டுவாள். தூக்குகிற வேலை வந்தால் பின்பக்கம் போய்விடுவாள். வந்த பெரிய வேலைகளை எல்லாம் ஏதோ சாக்குச் சொல்லி நான் வேறு கடைக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். பதினோராவது வாரம் ஒரு மருந்துக் கிடங்கிலிருந்து அவளுக்கு வேலைக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

“அங்க எல்லாம் அட்டைப்பெட்டிதான் அண்ணி” என்றாள். “கீழ விழுந்தாலும் எடுத்து வச்சுக்கலாம்.”

அந்தப் பேச்சு என்னைக் குத்திய குத்து, இன்றைக்கும் வலிக்கிறது. கண்ணாடியை அவளைப் போல யாரும் பிடித்து நான் பார்த்ததில்லை. அவள் தன் கையைப் பற்றித் தெரிந்துவைத்திருந்ததெல்லாம் ஒரு பொய். அந்தப் பொய்க்குச் சொந்தக்காரி நான்.

அதே வாரம் இரண்டாவது கண்ணாடியும் வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் ஒரு கடிதம் இருந்தது. இதுதான் கடைசி, வார்ப்பு அச்சை உடைத்துவிட்டோம், இனிமேல் கேட்காதீர்கள் என்று நாலே வரி.

சனிக்கிழமை மாட்டுவதாக டாக்டரிடம் சொல்லியிருந்தேன். இடது பக்கத்துக்கு, அடுத்த கடையில் தகரம் நெளிவெடுக்கிற டிங்கரிங்காரரைக் காலையிலேயே கூட்டி வந்தேன். நல்ல மனிதர், தனியாளாக இன்ஜினைத் தூக்குவார். முதலில் விரிசல் விட்ட பழைய கண்ணாடியை வைத்துப் பழகிப் பார்ப்போம் என்றேன்.

“ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுங்கக்கா, தூக்கிடலாம்.”

சொன்னேன். மூன்றுக்கு நான் தூக்கினேன். அவர் நின்றார்.

“மூணுக்கா? மூணு முடிஞ்சதும்னு நெனச்சேன்.”

அடுத்த முறை இரண்டுக்கே தூக்கிவிட்டார். மூன்றாவது முறை கண்ணாடி முறுக்கிக்கொண்டு கிறீச்சென்றது. தடுப்புக்கு அந்தப் பக்கம் மேஜையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த நாத்தனாரின் தோள், ஒவ்வொரு கிறீச்சுக்கும் தூக்கித் தூக்கிப் போட்டது.

“இதுக்கெல்லாம் எனக்கு நெஞ்சு இல்லக்கா” என்று சொல்லி டிங்கரிங்காரர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மணி பத்தரை. பதினொன்றுக்கு டாக்டர் வருவார். நான் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய் அவள் மேஜைக்கு முன்னால் நின்றேன்.

“உன் கை ஒண்ணும் பண்ணல” என்றேன்.

“விடுங்க அண்ணி. ஆறுதல் சொல்லாதீங்க.”

“ஆறுதல் இல்ல. நீ போனப்புறம் கதவ நான் அடிச்சு சாத்தினேன். ஜன்னல் ரெண்டும் மேல இருந்துச்சு.”

வேறு யாராக இருந்தாலும் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருப்பார்கள். அவள் கேட்கவில்லை. என்னையே பார்த்தாள்.

“மூலை எழும்புச்சா?”

“எழும்புச்சு.”

“அமுக்குனீங்களா?”

“அமுக்குனேன்.”

அவள் எழுந்துகொள்ளவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு கையையும் மேஜை மேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதினோரு வாரம்” என்றாள். “டீ கப்ப எடுக்கும்போதுகூட இந்தக் கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நடுங்குதா, நடுங்குதான்னு. ஏன் சொல்லல?”

“வெக்கம். நீயா ஏத்துக்கிட்ட. நான் அதுல ஒளிஞ்சுக்கிட்டேன்.” “தப்புதான். ரொம்பப் பெரிய தப்பு.”

“டாக்டர் வரட்டும். அவர்கிட்ட உங்க வாயால சொல்லுங்க. நான் பக்கத்துலயே நிப்பேன்.”

டாக்டர் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்தார். நான் அவரை உட்காரக்கூட விடவில்லை. போன், கதவு, ஜன்னல், மூலை, உள்ளங்கை, ஒன்று விடாமல் சொன்னேன். காரை இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நாத்தனார் பக்கம் திரும்பினார்.

“அப்ப நீங்க இல்லையா?”

“இல்ல டாக்டர்.”

“உங்க முகத்தக்கூட நிமிர்ந்து பாக்காம போயிட்டு வந்துட்டு இருந்தேன்மா, இத்தன நாளா. மன்னிச்சுக்கோங்க.” கண்ணாடிப் பெட்டியைக் கையால் தடவினார். “இது கடைசிக் கண்ணாடி. ஒரு பக்கம் நீங்க புடிக்கிறதா இருந்தா மாட்டலாம். இல்லன்னா நான் மூடி எடுத்துட்டுப் போறேன். இவங்க மட்டும் போதாது, கோச்சுக்காதீங்க” என்று கடைசியில் எனக்கும் ஒரு குட்டு வைத்தார்.

கோபித்துக்கொள்ள என்னிடம் முகம் ஏது?

அவள் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். காரிடம் போனாள். இரண்டு ஜன்னலையும் அடி வரைக்கும் இறக்கினாள். சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு அலமாரியிலிருந்து தன் இரண்டு ரப்பர் கப்புகளை எடுத்து, தூசியை ஊதினாள்.

நான் சட்டத்தைச் சுற்றிப் பசை இழுத்தேன். கறுப்பாக, ஒரே கனத்தில், வளைவில் அறுந்துபோகாமல். பசை இழுத்துவிட்டால் பத்து நிமிடம்தான். அதற்குள் கண்ணாடி உட்காராவிட்டால் மேலே தோல் கட்டிவிடும், பிடிக்காது. இரண்டு பேரும் பக்கத்துக்கு ஒருவராக நின்று கப்புகளைப் பிடித்தோம்.

“ம்” வரவில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கை நடுங்குவது கண்ணாடி வழியாக என் கைக்கு வந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று நிமிடம் போயிற்று. டாக்டர் வாயைத் திறந்து, நல்ல வேளை, மூடிக்கொண்டார். பிடி தளராமல் நின்ற என் கை பழையபடி துடிக்க ஆரம்பித்தது, “சொல்லு, பசை காயுது” என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. காய்ந்தால் காயட்டும், சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். இவளை மறுபடி எங்கே போய் எடுப்பது? அப்படியே நின்றேன். என் ஆயுளில் யாருக்காகவும் அப்படிப் பொறுமையாகக் காத்து நின்றதில்லை.

ஐந்தாவது நிமிடம் அவள் மூச்சை இழுத்தாள்.

“ம்.”

கண்ணாடி எழும்பியது. நான்கு எட்டு, சட்டத்துக்கு மேலே. முன்பே ஒட்டிவைத்த டேப் அடையாளங்களுக்கு நேராக அவள் பக்கம் முதலில் வந்தது, பிறகு என் பக்கம். வைப்பர் கம்பி தொடும் தூரத்தில்கூட இல்லை. இன்னொரு “ம்”. பசையில் கண்ணாடி அமர்கிற அந்தச் சின்ன மெத்தென்ற சத்தம். நான் அழுதுவிட்டேன். டாக்டர் வேறு பக்கம் பார்த்தார்.

அவள் மூலைகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டே சொன்னாள்: “நான் இன்னும் கோவமாதான் இருக்கேன் அண்ணி.”

“இரு.”

“சீக்கிரம் போகாது.”

“போக வேணாம். இங்க வந்து கோவமா இரு.”

அவள் கடைசி டேப்பையும் ஒட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். மருந்துக் கிடங்குக்குப் போகிறாளா, கடைக்கு வருகிறாளா என்று திங்கட்கிழமை காலை வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஞாயிறு முழுக்க நான் வீட்டில் எதையும் டமார் என்று வைக்கவில்லை என்று வீட்டுக்காரர் பயந்துபோய், உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் போனால், ஷட்டர் ஏற்கனவே தூக்கியிருந்தது. காரின் கதவில் டேப் போட்டு ஒரு காகிதம். அவள் கையெழுத்து, ஒன்றோடொன்று இடிக்காத எழுத்துகள்: “ஜன்னல் இறக்கியிருக்கிறது. சாவி என்னிடம். அண்ணி தொடக் கூடாது.”

இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்தேன். நான்கு மூலையும் சொன்னபடி உட்கார்ந்திருந்தன.

“அடுத்த வண்டி ஒன்பது மணிக்கு” என்றாள் நாத்தனார், மேஜையிலிருந்து தலை நிமிராமல். “பெரிய கண்ணாடி. லேட் பண்ணாம வந்து வலது பக்கம் நில்லுங்க.”