வாராவாரம் வருகிற அக்கா

"இன்னைக்கு சந்தைக்கு நானும் வரேன்க்கா" என்று தங்கை சொன்னபோது தையல்காரியின் வாயில் நாலு குண்டூசிகள் இருந்தன. யாருடையதோ ஒரு கால்சட்டையின் ஓரத்தை மடித்துப் பிடித்திருந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தி முடிக்கிறவரைக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதியாக இருந்தது. நாலாவது ஊசியும் தீர்ந்துபோனது.

"வெயில் ஏறிடுமே."

"மணி எட்டுகூட ஆகல."

"கூட்டத்துக்குள்ள போகக் கூடாதுன்னு டாக்டர்..."

"அது போன மாசம். இப்ப நடக்கச் சொல்லியிருக்காரு. அந்தக் காய்க்காரரைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்க்கா. அஞ்சு மாசமா அவரு கையால விளைஞ்சதைத்தானே தின்னுட்டிருக்கேன்."

அப்படி ஒரு காய்க்காரரே கிடையாது; தையல்காரி வாய்க்கு வந்தபடி சொல்லிவைத்த ஆள் அவர்.

தங்கைக்கு நூலகத்தில் புத்தகங்களை வகைபிரித்து அடுக்குகிற வேலை. நோயும் வைத்தியமும் முடிந்து வீட்டுக்குக் கிளம்பியபோது டாக்டர் போகிற போக்கில், "அந்தந்தப் பருவத்துக் காய்கறியா, புதுசா வாங்கிச் சாப்பிடுங்க" என்றார். அவர் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லியிருப்பார். தங்கைக்கோ அது சட்டமாகிவிட்டது. எந்த மாதம் எது விளையும் என்று கட்டம் போட்டு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பருவத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும், பக்கத்து நிலத்ததாக இருக்க வேண்டும், மருந்து அடிக்காததாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் தட்டு அப்படியே திரும்பி வரும். பள்ளிக்கூட மைதானத்தில் சனிக்கிழமைதோறும் விவசாயிகளே கொண்டுவந்து விற்கிறார்கள் என்று தெரிந்ததும் தையல்காரி அங்கே போனாள். நாலு வாரம் வெவ்வேறு கடைகளில் ஒழுங்காகத்தான் வாங்கினாள். பருவத்துக் காய் மலிவாகக் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது யாருக்கு மலிவு என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஐந்தாவது வாரம் சந்தையின் வாசல்வரை போய்த் திரும்பி, ரயில் பாலத்துக்கு அடியில் நிற்கிற தள்ளுவண்டியில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

முதல் தடவை வெகுநேரம் பிடித்தது. மூன்றாவது தடவை கைக்கே வேலை பழகிவிட்டது. பளபளவென்று கழுவியிருந்த கேரட்டைப் பூந்தொட்டி மண்ணில் புரட்டினாள். "பூச்சி தின்ன மிச்சத்தைத்தான்க்கா நாம தைரியமா திங்கலாம்" என்று தங்கை சொல்லிக்கொண்டிருந்ததால், நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியின் நுனியால் கீரை இலைகளில் அங்கங்கே ஓட்டை போட்டாள். தங்கை அந்த ஓட்டைகளைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகச் சிரிப்பாள். தேறியும் வந்தாள். முடி வளர்ந்தது, கன்னம் நிரம்பியது, ஒவ்வொரு ரிப்போர்ட்டும் நல்லதாகவே வந்தது. அப்போதெல்லாம் தையல்காரிக்கு சந்தோஷத்தோடு சேர்ந்து ஒன்றும் புரியாமலும் போகும். மாத்திரை குணப்படுத்தியதா, வண்டிக்காரனின் முட்டைக்கோஸா, இல்லை தான் போட்ட ஓட்டைகளா? யாரிடம் போய்க் கேட்பது?

பள்ளிக்கூடம் பத்து நிமிட நடை. தங்கை நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். வழியிலேயே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தையல்காரி இரண்டு தடவையும் வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் தங்கை, "ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்று அவளைத் தேற்றினாள்.

மைதானத்தில் கூட்டம் நெருக்கியது. அதிகக் கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே பேச நேரம் இருக்காது என்று கணக்குப் போட்டு, கடைசி வரிசையில் வைக்கோல் தொப்பி போட்ட பெரியவரை நோக்கிக் கை காட்டினாள். அந்த மனிதரை அவள் அன்றுதான் பார்க்கிறாள். தங்கை ஆட்களை விலக்கிக்கொண்டு நேராகப் போய் நின்றுவிட்டாள்.

"ஐயா, எங்கக்கா வாராவாரம் உங்ககிட்டதான் வாங்குறா. எனக்குத்தான். உங்களைப் பாத்து நன்றி சொல்லணும்னு வந்தேன்."

தொப்பிக்காரர் தங்கையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கித் தையல்காரியைப் பார்த்தார்.

"ஆமாம்மா, தெரியாதா பின்ன?" என்றார். "தங்கச்சிக்குன்னு சொல்லித்தான் வாங்குவாங்க. மண்ணைத் தட்டாம அப்படியே குடுங்கம்பாங்க. அந்தத் தங்கச்சி நீதானா? எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சிட்டியா!" அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்ததைக்கூட அவர் சட்டை செய்யவில்லை. ஒரு கேரட்டை எடுத்துத் துண்டில் துடைத்து நீட்டினார். "தின்னு, தாயி."

தங்கை அங்கேயே நின்று கடித்தாள். கண்ணை மூடி மென்றாள். "அதே ருசிக்கா" என்றாள். "கண்ணைக் கட்டிட்டுக் குடுத்தாக்கூடச் சொல்லிடுவேன்."

தையல்காரி என்ன முகம் காட்டுவது என்று தெரியாமல் பையை விரித்துப் பிடித்தாள். தன்னைக் காப்பாற்றத்தான் இந்த மனிதர் பொய் சொன்னாரா? காப்பாற்ற இவர் யார்? இல்லை, வருகிற எல்லோரிடமும் இப்படித்தான் பேசுவாரா? ஆனால் அந்தக் குரல் உடைந்ததே! தங்கையைப் பள்ளிக்கூடப் படியில் உட்கார வைத்தாள். கீரை வாங்க மறந்துவிட்டேன் என்று ஏதோ சொல்லிவிட்டுத் திரும்ப வந்தாள். கூட்டம் கொஞ்சம் வடிந்திருந்தது.

"ஐயா, எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"எப்படிம்மா?"

"நான் உங்ககிட்ட வாங்கினதே இல்லையே."

அவர் தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் தொப்பியின் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. அவளையே வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"நீங்க இல்லையா அது? உங்க வயசுதான். இதே மாதிரி கண்ணாடி. தங்கச்சிக்கு உடம்பு முடியல, அதுக்கு வேற எதுவும் உள்ள இறங்கலன்னு சொல்லிச் சொல்லி வாங்குவாங்க. மழை பேஞ்ச அன்னைக்குக்கூட வந்தாங்க. இன்னைக்குக் கண்ணாடியைப் பாத்ததும் நீங்கதான்னு..." கையிலிருந்த தொப்பியைத் திருப்பினார். "அப்ப அவங்க மூணு வாரமா வரலையே."

பக்கத்துக் கடையில் யாரோ தக்காளிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வெளியூர் போயிருப்பாங்க" என்றாள் தையல்காரி.

"இருக்கும்."

"இல்ல, வேற எங்கயாவது மலிவா வாங்குறாங்களோ என்னவோ."

"இருக்கும்மா. இருக்கணும்." அவர் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு பீட்ரூட் கட்டை எடுத்தார். இலையோடு இருந்தது, ஈரச் சாக்கில் சுற்றியிருந்தார். "ஒவ்வொரு வாரமும் எடுத்து வெச்சிட்டுத்தான் இருக்கேன். சாயங்காலம் திரும்ப வண்டில ஏத்த மனசு வரமாட்டேங்குது. நீங்க கொண்டுபோங்க."

"எனக்கெதுக்குங்க? அவங்க வந்தா?"

"வந்தா வேற தரேன்."

"நான் உங்ககிட்ட வாங்குற ஆளே இல்லைங்க" என்றாள் மறுபடியும். உண்மையாக வாங்கியவள் ஒருத்தி இருந்திருக்கிறாள். மழையில் நனைந்து வந்து, கேட்ட விலையைக் கொடுத்து, மண்ணோடு எடுத்துப் போயிருக்கிறாள். அவள் தங்கை எப்படி இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. ஏமாற்றியவளின் தங்கையோ படியில் உட்கார்ந்திருக்கிறாள். இதில் எதற்குச் சந்தோஷப்படுவது, எதற்கு அழுவது என்று பிடிபடவில்லை. தொப்பிக்காரர் அடுத்த ஆளுக்கு முட்டைக்கோஸ் நிறுக்கத் தொடங்கிவிட்டார். கட்டு அவள் கையில் இருந்தது.

அவள் திரும்பி நடந்தாள். தங்கை படியில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் எந்த மாதம் எது விளையும் என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் கையை ஆட்டினாள்.

"என்னக்கா அது, கீரைன்னுதானே சொன்ன? யாருக்கு இவ்ளோ?"

தையல்காரி பாதி வழியில் நின்றாள். சாக்கின் ஈரம் ரவிக்கைவரை ஊறியது. கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். மறுபடி இந்தக் கைக்கே மாற்றினாள். சிவந்த தண்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவள் கால்மேல் விழுந்துகொண்டிருந்தது.