புரியாமல் நின்ற இடம்

எங்கள் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம் வளரும். பிள்ளைகள் புரியாமலேயே "புரிஞ்சுது சார்" என்று சொன்னால் வளரும். வகுப்பே சேர்ந்து ராகம் போட்டுச் சொன்னால் ஒரு தென்னைமர நீளத்துக்கு ஒரே மூச்சில் நீளும். அதனால் நான் என் வகுப்புக்குச் சைக்கிளில் போகிறேன். நடுவில் ஒரு டீக்கடை முளைத்திருக்கிறது. டீ சுமார்தான்.

யாராவது உண்மையாகவே "புரியல" என்று சொன்னால் தாழ்வாரம் சுருங்கும். ஆனால் அப்படி யார் சொல்கிறார்கள்?

என் பெயர் பரிபூரணம். சமூக அறிவியல் வாத்தியார். பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். "புரிஞ்சுது சார்" என்பார்கள். காதுக்கு இதமாக இருக்கும். வகுப்பு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும். எல்லா வாத்தியாரும் இப்படித்தான் கேட்கிறார்கள், என்னை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி?

கணக்கு டீச்சர் செண்பகவல்லியின் வகுப்பு மட்டும் நகரவே இல்லை. கட்டிய நாளில் இருந்த மாதிரியே கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் "புரிஞ்சுதா" என்று கேட்கமாட்டார். "எந்த எடத்துல நின்னுட்ட?" என்று கேட்பார். பிள்ளை இடத்தைச் சொல்லும். டீச்சர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போய்விடுவார்.

நிஜமாகவே போவார். பேச்சிமுத்து என்று ஒருவன் பூஜ்யத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டான். அதற்கு அப்பாலும் எண் இருக்கிறது என்றால் அவனுக்குக் கால் கூசியது. டீச்சர் போய் அவன் கையைப் பிடித்து மைனஸ் நான்கு வரைக்கும் கூட்டிப் போனார். அங்கே கொஞ்சம் குளிராக இருந்ததாம். திரும்பும்போது அவன் முன்னால் வந்தான், டீச்சர் பின்னால் வந்தார்.

ரெஜினா என்ற பெண், இரண்டு ரயில்கள் எதிரெதிரே வரும் கணக்கில் நின்றுவிட்டாள். டீச்சர் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போனார். இரண்டு ரயிலும் ஒன்றையொன்று தாண்டும்வரை தண்டவாளத்தோரம் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"ஏன் டீச்சர், பிள்ளைய இங்க வரச்சொன்னா ஆகாதா?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"வர வழி தெரிஞ்சா அது ஏன் சார் அங்க நிக்கப் போவுது? நாமதான் போவணும்."

"எல்லாப் பிள்ளைக்கும் போவீங்களா?"

"நிக்கிற பிள்ளைக்கெல்லாம் போவேன்."

சும்மா சொல்லக்கூடாது, அந்த மனுஷி மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. கொஞ்சம் பொறாமையும் உண்டு. நான் ஏழு பிறவி எடுத்தாலும் அப்படிப் போகமாட்டேன். எனக்கு மூட்டுவலி வேறு.

திங்கட்கிழமை கல்வி அலுவலர் குழந்தைவேலு தூக்குவாளியோடு வந்தார். பின்னால் ஒரு லாரி வந்தது. ஒவ்வொரு வகுப்பும் அவருக்கு ஒரு "புரிஞ்சுது" கொடுக்க வேண்டும். அதை வாளியில் பிடித்து மூடிக்கொள்வார். கொடுக்காத வகுப்பை ஜமுக்காளம் மாதிரி சுருட்டி லாரியில் ஏற்றிவிடுவார். ஏற்கெனவே சில வகுப்புகள் லாரியில் சுருண்டு கிடந்தன. ஓரங்களில் சாக்பீஸ் தூள் உதிர்ந்துகொண்டிருந்தது.

"ஒங்க வகுப்புல இருந்து ஒண்ணுகூட வரல டீச்சர்," என்றார் அலுவலர்.

"புரிஞ்சா மொகத்துலயே தெரியும் சார். வாயால எதுக்கு?"

"மொகத்த வாளியில போட முடியாதே."

அவர் சொன்னதும் நியாயம்தான். வாளியின் வாய் சின்னது.

"லாரியில இன்னும் ஒரு வகுப்புக்குத்தான் எடம் இருக்கு. மணி அடிக்கிறதுக்குள்ள ஒண்ணு குடுத்துருங்க. இல்லன்னா ஒங்க வகுப்புதான்."

"பொய்யா ஒண்ணு கேட்டு வாங்கமாட்டேன் சார்."

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். பின்னத்தால் வகுப்பது அன்றைய பாடம். சைக்கிள் பஞ்சர் என்று வகுப்பிலேயே விட்டுவிட்டு, சாக்பீஸ் கடன் கேட்க நடந்தே வந்த நான், கொடிக்கம்பத்தடியில் அப்படியே நின்றுவிட்டேன். அலுவலரின் ஆட்கள் மணி அடிக்கும்வரை காத்திராமல் வகுப்பைப் பின்னால் இருந்து சுருட்ட ஆரம்பித்தார்கள். தரை மேலே எழும்பியது. கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

ரெஜினா பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவள் பேச்சிமுத்துவைப் பார்த்தாள். பிறகு எல்லோரும் எழுந்து ராகம் போட்டுச் சொன்னார்கள்.

"புரிஞ்சுது டீச்சர்."

டீச்சர் கேட்கவே இல்லை. பாடத்தைக்கூட இன்னும் தொடங்கவில்லை. அவர் மேல் வைத்த பாசத்தில் பிள்ளைகள் அவர்களாகவே சொன்னார்கள். அலுவலர் அதை வாளியில் பிடித்து மூடியை அழுத்தினார். ஆட்கள் தரையைக் கீழே விட்டார்கள்.

வகுப்பு நகர்ந்தது. இத்தனை வருடம் நகராததையும் சேர்த்து நகர்ந்தது. டீக்கடையைத் தாண்டியது, என் வகுப்பைத் தாண்டியது, கடுகளவாகப் போய் நின்றது. வாசலில் டீச்சர் சாக்பீஸோடு நிற்பது தெரிந்தது. அவருக்குக் கோபம் வந்த மாதிரி இல்லை. பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. புரிஞ்சுது என்று சொன்ன பிள்ளை, தான் நின்ற இடத்தை அப்புறம் சொல்லாது. இனி அவர் யாரிடம் போவார்?

"வகுப்பு தப்பிச்சுல்ல சார்? பெறகு எதுக்குக் கண்ணத் தொடைக்கீங்க?" என்றார் அலுவலர்.

நான் கையைத் தூக்கினேன்.

"என்ன சார் பண்ணுதீங்க?"

"எனக்குப் புரியல."

"என்ன புரியல?"

"ஒண்ண அரையால வகுத்தா எப்படி ரெண்டு வரும்? வகுத்தா கொறையணுமில்ல?"

ஆறாம் வகுப்பில் அந்த இடத்தில் நின்றவன்தான். அங்கே நின்றுகொண்டேதான் கல்யாணம் செய்தேன், வீடு கட்டினேன். மூட்டுவலியும் அங்கேதான் வந்தது.

அலுவலர் வாளியை ஆட்டிப் பார்த்தார். "வாத்தியாருக்கே புரியலன்னா ஒங்க வகுப்பு குடுத்தது கெட்டுப் போயிரும் சார்."

"கெடட்டும்."

"அப்ப ஒங்க வகுப்பத்தான் சுருட்டணும்."

"சுருட்டுங்க."

சுருட்டினார்கள். மேப்போடு, மேசையோடு, உள்ளே நின்ற என் சைக்கிளோடு சேர்த்துச் சுருட்டி லாரியில் ஏற்றினார்கள். வெளியே வந்த என் பிள்ளைகள் எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஒருத்தன் கையைத் தூக்கினான். அப்புறம் பாதிப் பேர் தூக்கினார்கள். எவ்வளவு பேர் நின்றிருக்கிறார்கள், பாவம், நான் ஒருநாளும் கேட்டதில்லை.

தாழ்வாரம் கொஞ்சம் சுருங்கியது. டீக்கடை என் பக்கமாக நகர்ந்து வந்தது. அந்தக் கோடியில் இருந்து டீச்சர் குரல் வந்தது.

"சார், எந்த எடத்துல நின்னுட்டீங்க?"

"அரையில டீச்சர்."

"நல்ல எடம். அங்கயே நில்லுங்க, நான் வாரேன்."

அவர் தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிள்ளைகளும் அவரவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். மணி அடித்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. லாரி ஹாரன் அடித்தது. அலுவலர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

டீச்சர் நடந்து வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் ஒரு முழுக் கொய்யாப்பழம் இருந்தது, இன்னொரு கையில் கத்தி இருந்தது. நான் கையை இறக்கவில்லை.