மீட்டர்காரர் வீட்டு எட்டு நாள் கடிகாரங்கள்

கடைசித் தடவையாகப் பின்னறையிலிருந்து வெளியே வந்தபோது மீட்டர்காரருக்கு வயது நாற்பத்திரண்டு, அவர் மனைவிக்கு அறுபத்தேழு. கல்யாணத்தின்போது அவர்தான் அவளைவிட மூன்று வயது மூத்தவர். எழுதும்போது கை தவறிவிட்டதோ என்று யாரும் நினைக்க வேண்டாம். நகராட்சியில் பிறப்புப் பதிவேடு இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பதிவேட்டில் இல்லாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். பின்னறையில் கடிகாரங்களை மாட்டி முடித்த பிறகு போன இருபத்தொன்பது வருடத்தில் அவர் அங்கே இருந்தது மொத்தமே இருபத்தெட்டு மணி நேரம். மற்ற ஆண்கள் சீட்டு ஆடியே ஒரு மாதத்தில் அதைவிட அதிகமாகக் கழிக்கிறார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னது உண்மைதான், உண்மையைச் சொல்லித் தப்பித்தவர்கள் உலகத்தில் குறைவு.

மின்சார அலுவலகத்தில் பழுதான மீட்டர்களைத் திறந்து சரிபார்ப்பது அவர் வேலை. வட்டமான முகமும் நடுங்கும் முள்ளும் எங்கே இருந்தாலும் அவர் கண் அங்கே போகும். ஒருநாள் பழைய இரும்புக்கடையில் செப்புக் கம்பி தேடப் போனவர், பிரித்துப் போட்ட போர் விமானம் ஒன்றின் தகடுகளுக்கு அடியில் ஒரு கடிகாரத்தைக் கண்டார். உள்ளங்கை அகலம், கறுப்பு முகம், மங்கிப் பழுப்பேறிய எண்கள், நாலு மூலையிலும் திருகாணி ஓட்டை. இடதுபக்கக் குமிழைத் திருகிச் சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும். வலதுபக்கப் பொத்தானை அழுத்தினால், கிளம்பி எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஒரு தனி முள் காட்டும். தலைகீழாகப் பிடித்தாலும் நிற்காது, குலுக்கினாலும் பிசகாது. மனிதனுக்குக் கிறுக்குப் பிடிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆறு வருடத்தில் முப்பத்தாறு சேர்ந்தன. அலுமினியத் தகட்டில் ஆறுக்கு ஆறாகத் துளை போட்டு, சாமான் போட்டுவைத்திருந்த பின்னறையைக் காலிசெய்து, சுவரில் மாட்டினார்.

முதல் நாலைந்து கடிகாரங்கள் வந்தபோது, "இதோ, பத்து நிமிஷம்" என்று உள்ளே போனால் வெளியே ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்பதால் அவர் மனைவி இதைப் பொருட்படுத்தவில்லை. இருபதைத் தாண்டியபோது பத்து நிமிடத்துக்கு ஒரு பகல் போயிற்று. முப்பத்தாறாவது கடிகாரம் மாட்டிய அன்று விகிதம் நிலைத்துவிட்டது: உள்ளே ஐந்து நிமிடம் என்றால் வெளியே ஒரு மாதம். அதற்குப் பிறகு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரும்புக்கடைக்காரரிடம் கேட்டதற்கு அவர் ஆச்சரியமே படவில்லை. "இருக்காதா பின்ன? இந்தக் கடிகாரத்தை எல்லாம் பிளேன் ஓட்டின ஒவ்வொருத்தனும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பார்த்திருக்கான். எண்ணெய் தீர இன்னும் அஞ்சு நிமிஷம், தரை தெரியலையேன்னு. அந்த அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளம்னு அவனுக்குத்தான் தெரியும். அதெல்லாம் எங்க போகும்? உள்ளயேதான் கிடக்கும்" என்று சொல்லிவிட்டு, தராசில் பித்தளையை அள்ளிப் போட்டார்.

மீட்டர்காரர் மட்டும் நம்பவில்லை. அவருடைய கடிகாரங்கள் ஒரு நாளைக்கு ஆறு நொடிக்கு மேல் பிசகாதவை. நாள்காட்டி என்பது யார் வேண்டுமானாலும் கிழிக்கக்கூடிய காகிதம். பதினாலு நிமிடம் கழித்து வெளியே வந்தபோது அலுவலகத்தில் அவரை நீக்கி ஓலை வந்திருந்தது. "பதினாலு நிமிஷம் லேட்டுக்கு வேலையை விட்டுத் தூக்குறானுங்க" என்று தெருவெல்லாம் புலம்பினார். ஒருமுறை சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன அவர் மனைவி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், இருபது நொடி நின்று நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட்டு வெளியே வந்தாள். வெளியே இரண்டு நாள் போயிருந்தது. ஒன்பது வயது மகள் அழுது அழுது முகம் வீங்கி, எதிர்வீட்டுக்காரி மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து மீட்டர்காரர் மனைவி அந்தப் படியைத் தாண்டவில்லை. மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினாள். தினமும் மதியம் வீட்டுக்கு வந்து, தட்டு இரண்டும் எடுத்து வைத்து, பின்னறைக் கதவுக்கு வெளியே நின்று, "என்னங்க, சாப்பாடு ஆறுது" என்று ஒருமுறை கூப்பிடுவாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு தட்டைத் திருப்பி வைத்துவிடுவாள்.

உள்ளே இருந்தவருக்கு அது பூச்சிச் சத்தமாகக் கேட்டது. பத்து நொடிக்கு ஒருமுறை 'கிச்' என்று எங்கேயோ ஒரு பூச்சி கத்தும். ஜன்னலும் பத்து நொடிக்கு ஒருமுறை வெளுத்துக் கறுத்தது. டியூப்லைட்டில்தான் கோளாறு என்று ஸ்டார்ட்டரை மாற்றிப் பார்த்தார். பிறகும் அப்படியே இருந்தது. முள் பார்க்க இடைஞ்சலாக இருக்கிறதே என்று ஜன்னலுக்கு ஒரு கறுப்புத் துணியை ஆணியடித்து மாட்டினார். தன் மனைவியின் பகலையும் இரவையும் அப்படித்தான் அவர் கையாலேயே மூடினார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. முப்பத்தாறும் ஒரே சமயத்தில் துடிக்க வேண்டும். முப்பத்தாறு சத்தம் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். மூன்றாவது வரிசையில் கடைசிக் கடிகாரம் மட்டும் ஒத்து வரவில்லை. அரை நொடி பிந்தும், திருத்தினால் கால் நொடி முந்தும். வெளியே வந்தால் நாலு நாள் இருப்பார், மனைவி தலையில் புதிதாக நரைத்ததைப் பார்ப்பார், "இனிமே போகமாட்டேன்" என்று அழுவார். ஐந்தாம் நாள் அந்த அரை நொடி காதில் அரிக்கும். நாள்காட்டி பொய் சொல்லவில்லை என்று ஒரு கட்டத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் போனார். இதை மறைத்து எழுதினால் அவருக்கே பிடிக்காது.

மகளின் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் காலை பத்தரைக்கு. அன்றைக்கு மட்டும் ஒரு நொடிகூடத் தவறக்கூடாது என்று மீட்டர்காரர் உறுதியாக இருந்தார். அதனால்தான் கிளம்பும் முன் கைக்கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைக்கப் பின்னறைக்குள் எட்டு வைத்தார். அரை நிமிடம்தான். மூன்று நாள் கழித்து, கஞ்சி போட்ட சட்டையும் சரியான நேரம் காட்டும் கைக்கடிகாரமுமாக வெளியே வந்தார். வீட்டில் வாடின மாலை கிடந்தது. மறுவீட்டுக்கு வந்திருந்த மகள் அவரைப் பார்த்துக் கோபப்படவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாமல் போயிற்று. "பரவால்லப்பா. நான் உங்களுக்காகக் காத்திருக்கிறதை எப்பவோ விட்டுட்டேன். அம்மாதான் இன்னும் விடல" என்றாள். அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். அடுத்து வந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர், வாசலில் நின்ற மீட்டர்காரரையும் அவர் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உறவு என்ற கட்டத்தில் 'தம்பி' என்று எழுதினார். அதற்கடுத்த முறை வந்தவர் 'மகன்' என்று எழுதினார். அவர் மனைவி இரண்டு தடவையும் திருத்தச் சொல்லவில்லை.

கடைசித் தடவை அவர் உள்ளே இருந்தது ஒரு மணி இருபது நிமிடம். மூன்றாவது வரிசைக் கடிகாரம் அன்று வழிக்கு வந்தது. முப்பத்தாறும் ஒரே துடிப்பாகத் துடித்தன. அவர் வாழ்நாளில் கேட்க ஆசைப்பட்ட சத்தம் அது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் இருந்த சுத்தமான அமைதியில்தான் அவருக்கு உறைத்தது: பூச்சி கத்துவது நின்றுவிட்டது. எவ்வளவு நேரமாக நின்றிருக்கிறது என்று தெரியவில்லை. கைச் சாமானை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினார். கூடத்துக் கட்டிலில் அவர் மனைவி படுத்திருந்தாள். பக்கத்தில் அவர் வயதை நெருங்கிவிட்ட மகள் உட்கார்ந்திருந்தாள். மனைவி கண்ணைத் திறந்து, வெகு சாதாரணமாக, "வேலை முடிஞ்சுதாங்க?" என்று கேட்டாள். "முடிஞ்சுது" என்றார்.

அவர் மனைவி இன்னும் நாற்பது நாள்தான் தாங்குவார் என்று டாக்டர் சொன்னார். இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள், பத்து வருடத்தில் வந்துவிடலாம் என்றும் சொன்னார்; அது அவர் ஆறுதலுக்குச் சொன்னது. மீட்டர்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். வெளியே பத்து வருடம் என்றால் உள்ளே பத்து மணி நேரம்தானே? மனைவியின் காலடியில் உட்கார்ந்து மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அவள் வாழ்நாளெல்லாம் மருந்து எடுத்துக் கொடுத்தவள், வராத மருந்தைப் பற்றி அவருக்கு மேல் தெரிந்தவள். ஆனாலும் சிரித்தாள்.

"அஞ்சு நிமிஷம்னு சொல்ல மாட்டீங்களா?"

"பத்து மணி நேரம். பொய் சொல்லல. நானும் கூட வர்றேன்."

"நீங்களும் உள்ள வந்துட்டா வெளியிலேருந்து யாரு கூப்பிடுறது? இத்தனை வருஷம் நான் கூப்பிட்டாச்சு. இனிமே நீங்க கூப்பிடுங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "உள்ள அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பார்க்குறேன்" என்றாள்.

மரக்கதவைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவு போட்டார்கள். சாய்வு நாற்காலி, கம்பளி, ஒரு கூஜா தண்ணீர். கறுப்புத் துணியை மட்டும் மீட்டர்காரர் வெளியே போய், ஜன்னல் கம்பி வழியாகக் குச்சியால் நெம்பி எடுத்தார். மகளும் அவருமாகக் கைத்தாங்கலாகப் படிவரை கொண்டுவந்து விட்டார்கள். கடைசி ஆறு காலடி அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். அவள் போய் உட்கார்ந்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் இருவரும் நின்று பார்த்தார்கள்.

அதன்பிறகு மீட்டர்காரர் ஒரு கடையில் தராசு பழுதுபார்க்கும் வேலைக்குப் போனார். தினமும் மதியம் வீட்டுக்கு வந்து, தட்டு இரண்டும் எடுத்து வைத்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று, "சாப்பாடு ஆறுதும்மா" என்று கூப்பிட்டார். அவளுக்கு அது 'கிச்' என்றுதான் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். அவள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதைப் பார்க்க ஒரு பகல் முழுக்க லீவு போட்டார். எட்டு வருடம் அவள் தூங்கினாள். அந்த எட்டு வருடமும் அவர் வீட்டில் செருப்புப் போட்டு நடக்கவில்லை. பத்தாவது வருடம், மருந்து இன்னும் வரவில்லை என்று பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். அவள் படித்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினாள். அதற்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆயிற்று. பழைய டாக்டர் ஓய்வு பெற்றார். புதிய டாக்டரும் இன்னும் பத்து வருடம் என்றார். மூன்றாவது வரிசைக் கடைசிக் கடிகாரம் மறுபடியும் பிந்த ஆரம்பித்திருந்தது. கண்ணாடி வழியாக மாதக்கணக்கில் பார்த்தால் அது தெரிந்தது. அவர் தினமும் பார்த்தார், ஒரு தடவைகூட உள்ளே போகவில்லை. வீணாக்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். காத்திருப்பது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான், அதைத் தெரிந்துகொண்டார். தெரிந்தபோது அழுகை வந்தது, தராசுக்கடையில் எல்லோர் முன்னாலும் அழுதார்.

இருபத்தைந்தாவது வருடம் இருவருக்கும் ஒரே வயது வந்தது. இருபத்தெட்டாவது வருடம் அவருக்கு எழுபது, அவளுக்கு அறுபத்தேழு. பழையபடி மூன்று வயது வித்தியாசம். அந்த வருடத்தில் ஒரு காலை, தட்டைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தவர், அவள் முகம் கதவுப் பக்கம் திரும்பியிருப்பதைக் கண்டார். உதடு குவிந்திருந்தது. ஏதோ சொல்ல ஆரம்பித்துவிட்டாள் என்று தெரிந்ததும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடி லேசாக அதிர்ந்தது. முதல் எழுத்து முடியவே முக்கால் மணி நேரம் போயிற்று. அவர் சாப்பிடவில்லை, கடைக்குச் சொல்லி அனுப்பவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு அவள் வாய் மூடியபோது, அவள் சொன்னதை முழுக்கப் படித்து முடித்திருந்தார்.

"இதோ வரேன்."

அவள் கைகள் நாற்காலிப் பிடியை அழுத்த ஆரம்பித்திருந்தன. வந்துவிட்டால் மிச்சம் முப்பத்தெட்டு நாள். உட்காரு என்று எழுதி ஒட்டலாம். காகிதம் மேசையில்தான் இருந்தது. மீட்டர்காரர் காகிதத்தை எடுக்கவில்லை. மகளுக்குப் போன் போட்டார். மகளுக்கும் இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது.

"அம்மா எழுந்துட்டா. வர்றா."

"எவ்வளவு நேரம் ஆகும்ப்பா?"

"இதோ. மூணு நாள்."

"நான் கிளம்பிட்டேன். அதுக்குள்ள நீங்க எங்கயும் போயிடாதீங்க."

"நான் எங்க போகப்போறேன்" என்றார் மீட்டர்காரர். போனை வைத்துவிட்டு, இரண்டு தட்டோடு மூன்றாவதாக ஒன்றை எடுத்துக் கழுவினார். மூன்றாம் நாள் மதியத்துக்குச் சமைக்க என்னென்ன வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.