பெண் பார்க்க வந்த முதலீட்டாளர்கள்

தாராவியில் வேல்ராஜைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் அப்படி ஒருவர் இருப்பதாகச் சொன்னால் வேல்ராஜ் நம்ப மாட்டார். தமிழர் பலகாரத் தொழில் முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர் அவர். தலைவர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை, பொருளாளர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார், ஆகவே சங்கம் என்றால் இப்போதைக்கு வேல்ராஜும் அவர் சட்டைப்பையில் இருக்கும் இரண்டு பேனாக்களும்தான். முன்னேற்றம் அவர் பொறுப்பு. பலகாரம் அவர் மனைவி கோகிலவாணியின் பொறுப்பு.

சந்துக்குள் ஒரு கீழ்த்தள அறை. அதில் இரண்டு பெரிய அடுப்புகள், முறுக்குப் பிழிய ஆறு பெண்கள். காலையில் மாவு பிசைந்தால் சாயங்காலத்துக்குள் செம்பூர்க் கடைகள் வரைக்கும் முறுக்கு போய்விடும். அந்த அடுப்புகளுக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. மாடியில் இருப்பவர்கள் புகை என்று புகார் கொடுக்க, குடியிருப்புச் சந்தில் இதெல்லாம் கூடாது, தீபாவளியோடு காலி செய் என்று வார்டு ஆபீஸ் சொல்லிவிட்டது. காலி செய்தால் அந்த ஆறு பேரும் பழையபடி மாட்டுங்கா அடுக்குமாடி வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போக வேண்டியதுதான். கோகிலவாணிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மாநகராட்சிக்கு நம் மேல் பாசம் பொங்கிவிட்டது. முதலீட்டு வாரமாம். பெரிய பெரிய முதலீட்டாளர்களை ஏசி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுவந்து தாராவிப் பட்டறைகளைக் காட்டப் போகிறார்களாம். அவர்களுக்குப் பிடித்துப்போகிற பட்டறைக்கு மாஹிம் பக்கம் மாநகராட்சி கட்டியிருக்கும் புதுக் கட்டடத்தில் ஓர் இடம் கிடைக்கும். அங்கே புகைபோக்கி உண்டு, தண்ணீர் உண்டு, மாடியிலிருந்து கத்துவதற்கு ஆள் கிடையாது. வேல்ராஜ் ஓடியாடி, நாலு பேரைப் பிடித்து, கோகிலவாணியின் பட்டறையையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார். அதைப் பாராட்டத்தான் வேண்டும். அதோடு நிறுத்தியிருந்தால் இன்னும் பாராட்டியிருக்கலாம்.

வார்டு ஆபீசர் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, பச்சைப்பிள்ளைக்குப் புரிகிற இந்தியில் சொன்னார். அலங்காரம் எதுவும் வேண்டாம், உள்ளதை உள்ளபடி காட்டுங்கள், வேலை நடக்கிற பட்டறைக்குத்தான் இடம் என்றார்.

இங்கேதான் நம் ஆட்களின் மூளை வேலை செய்தது. வேல்ராஜ் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். எங்களுக்கு எதுவும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் பார்த்துச் செய்யுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? அந்தப் பேச்சை நம்பிச் சும்மா இருந்த தகப்பன் எவனாவது உண்டா? ஆபீசரின் வாயைப் பார்க்காமல் மனசைப் படித்துவிட்ட பெருமிதத்தோடு வேல்ராஜ் வீடு வந்து சேர்ந்தார்.

முந்தின நாளே வேலையை நிறுத்தினார். அடுப்புகளையும் எண்ணெய்ச் சட்டிகளையும் பக்கத்துச் சந்தில் இருக்கும் அப்துல் ரவூபின் தோல்பைப் பட்டறைக்குக் கடத்தினார். கரி படிந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. சுண்ணாம்பு பிடிக்காத இடத்துக்குப் பந்தல்காரரிடமிருந்து ரோஸ் துணி. கல்யாண மண்டபத்து மாப்பிள்ளை சோபா ஒன்று சந்துக்குள் நுழைய மறுத்து, தலைகீழாகக் கவிழ்ந்து, யாரோ ஒருவர் வீட்டுக் குழாயை உடைத்து, ஒருவழியாக உள்ளே வந்து உட்கார்ந்தது. ஆறு பெண்களும் பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. கேசரிக்கும் பஜ்ஜிக்கும் மாட்டுங்கா ஹோட்டலில் சொல்லியாயிற்று. பலகாரம் சுடுகிற இடத்துக்கே பலகாரம் வெளியிலிருந்து வருகிறதே என்பது கோகிலவாணிக்கு மட்டும்தான் உறைத்தது.

"வாரவுக முறுக்கு புழியுததப் பாக்கத்தான வாராவ? நீங்க என்னத்தக் காட்டப் போறீய?" என்று கேட்டாள்.

"பொண்ணு பாக்க வாரவுகளுக்குப் பொண்ணப் பாத்திரம் தேய்க்கிற கோலத்துலயா காட்டுவாவ? நீ சும்மா கெட" என்றார் வேல்ராஜ்.

மனுஷர் செய்ததெல்லாம் அவளுக்காகத்தான். அவள் சாப்பிடாமல் எழுந்து போவதைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால்கூட இவ்வளவு பாழாகியிருக்காது.

வந்தார்கள். நரைத்த தலையும் ஓடுவதற்குப் போடுகிற ஷூவுமாக ஓர் அம்மாள், கூடவே இரண்டு இளைஞர்கள், பின்னால் வார்டு ஆபீசர். பட்டு வேட்டியில் வாசலில் நின்ற வேல்ராஜ் பன்னீர் தெளித்தார். ஓர் இளைஞனின் கண்ணில் பட்டு அவன் கொஞ்ச நேரம் எதையும் பார்க்கவில்லை, கொடுத்துவைத்தவன். அந்த அம்மாள் சோபாவில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தாள். எதிரே ஜமுக்காளத்தில் ஐந்து பெண்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு முறுக்கு போடுகிறீர்கள் என்று அவள் கேட்டாள். வேல்ராஜ் சங்கம் தோன்றிய வரலாற்றைச் சொன்னார். அடுப்பு எங்கே என்று கேட்டாள். தங்கள் வருகையை முன்னிட்டு இன்று விடுமுறை என்றார். ஆபீசர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

அப்போது ஆறாவது பெண்ணான ஆறுமுகத்தாய் காப்பித் தட்டோடு வந்தாள். பேரன் எடுத்தவள். அவள் கல்யாணத்துக்கே அவளை யாரும் இப்படிப் பார்க்க வந்ததில்லை, சொந்த மாமனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மாள் அன்பாகப் பெயரைக் கேட்டதும் பதறிப்போய், தட்டைக் கீழே வைத்து, எல்லாரையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள். சேலையெல்லாம் சுண்ணாம்பு.

கேசரி மட்டும் ஜெயித்தது. பிரமாதம், இது உங்கள் தயாரிப்பா என்று அம்மாள் கேட்க, ஐயையோ இல்லை, மாட்டுங்கா ஹோட்டல் என்று வேல்ராஜ் பெருமையாகச் சொன்னார். இளைஞன் ஹோட்டல் பெயரைக் குறித்துக்கொண்டான். இவர் வழியும் சொன்னார்.

அம்மாள் எழுந்து கைகூப்பி, போய்ப் பேசிவிட்டுச் சொல்லியனுப்புகிறோம் என்றாள்.

இந்தி சரியாகத் தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது. போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லியனுப்பியதாக நம் சரித்திரத்திலேயே கிடையாது. கோகிலவாணி தலையிலிருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வேல்ராஜ் அவள் முகத்தைப் பார்த்தார். சட்டென்று வாசலை மறித்து நின்றார்.

"மேடம், இதெல்லாம் பொய்" என்றார் இந்தியில். சோபா வாடகை, சுண்ணாம்பு நேற்று அடித்தது, இது சமையற்கட்டு, இவர்கள் தினமும் இங்கே நின்று வேகிறவர்கள் என்று சொல்லிக்கொண்டே ரோஸ் துணியைப் பிடித்து இழுத்தார். பின்னால் கரிச்சுவர் தெரிந்தது. பத்து நிமிஷம் கொடுங்கள், அடுப்பைக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று கும்பிட்டார். சங்கச் செயலாளர் ஒருவர் இப்படிக் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. அந்த அம்மாளுக்கு இரக்கமாகத்தான் இருந்தது, ஆனால் அடுத்த பட்டறைக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டார்கள்.

ஆபீசர் மட்டும் வாசலில் நின்றார். பட்டறை இயங்கவில்லை என்றுதான் எழுத முடியும், இனி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். போகிறவர் போகாமல், உள்ளபடி காட்டு என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னேனே, ஏன் கேட்கவில்லை என்று கோபமாகக் கேட்டார்.

"சாப், இத்தன வருசத்துல ஒங்க ஆபீஸ் சொன்னதுல இது ஒண்ணுதான் உண்மை. எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் வேல்ராஜ்.

ஆபீசர் அடுத்த பட்டறையைப் பார்க்கப் போனார். 

கோகிலவாணி திட்டுவாள் என்று வேல்ராஜ் காத்திருந்தார். அவள் திட்டவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு, மற்றவர்களோடு அடுப்பைத் தூக்கிவரப் போனாள். தீபாவளி வரைக்கும் முறுக்கு போட்டாக வேண்டுமே. வேல்ராஜ் யாருமில்லாத சோபாவில் உட்காரப் பயந்து பக்கத்தில் நின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

காப்பி டம்ளர்களை எடுக்க வந்த ஆறுமுகத்தாய் அவர் அருகில் தயங்கி நின்றாள். அவளுக்குக் கேலி செய்யத் தெரியாது. ஆயுசில் ஒருவரையும் அவள் கேலி செய்ததில்லை.

"அண்ணாச்சி, தீவாளி கழிச்சு மாட்டுங்காவுல பாத்திரம் தேய்க்க வீடு ஏதும் இருந்தாச் சொல்லுங்க. ஒங்களுக்குத்தான் பெரிய ஆளுக பழக்கமெல்லாம் இருக்கே" என்றாள்.

எதற்கும் ஒரு பிரசங்கம் வைத்திருக்கிற வேல்ராஜ், கேட்டுச் சொல்லுதேன் என்று மட்டும் சொன்னார்.