தொட்டிலுக்குப் போட்ட புதுக் கால்

பிறந்து பத்து நாளாகியும் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை. மலைப்பாதையெல்லாம் பனி, போதகர் வர வழியில்லை. நேற்றிலிருந்து அது பாலும் குடிக்கவில்லை. தொட்டிலிலிருந்து தூக்கும்போதெல்லாம் முதுகில் யாரோ கிள்ளியதுபோல் நீலத் தடம்.

கிரிசெல் கம்பளியை உதறிப் பார்த்துவிட்டாள். மிச்சமிருந்தது, தரையில் ஆடும் அந்த மரத்தொட்டிலின் வளைந்த கால். அவள் கணவன் எபி முந்தாநாள்தான் ஒரு வளைந்த கிளையை அப்படியே செதுக்கிப் பொருத்தியிருந்தான்.

"இந்தக் கட்டை ஏதுய்யா?"

"இடிஞ்ச வீட்டுப் பின்னால இருந்த மரத்துல வெட்டுனேன். ஏன், உங்கப்பன் குடுத்த சீதனமா அது?"

"பூர்ட்ரீயா?" எல்டர் மரத்துக்கு ஸ்காட்லாந்தில் அந்தப் பக்கத்துப் பெயர் அது.

எபி கிளாஸ்கோ நகரத்துக்காரன், சிரித்தான். "அது வெறும் குழாய்தான! பசங்க வெடிகுழல் செய்வாங்களே!"

இளங்கிளை அப்படித்தான். உள்ளே இருக்கும் மெத்தென்ற நெட்டியைக் கம்பியால் தள்ளினால் குழல். 'போர்' என்றால் துளை, துளைக்கிற மரம் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள் சிலர். வீட்டுக்குப் பின்னால் 'பவர்', அதாவது பந்தலாய்க் கவிவதால் என்பார்கள் வேறு சிலர். ஆனால் கிளை முதிர முதிரக் கட்டை இறுகி, நெட்டி நூலாக ஒடுங்கிவிடும். நகரத்தான் அதைக் கண்டதில்லை. கிரிசெல் பின்னல் ஊசியைக் காலின் முனையில், நட்டநடுவில் வைத்து அழுத்தினாள். நூல் நெட்டி வழியே வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று; பூர்ட்ரீயேதான்.

"கழட்டிக் குடு, அடுப்புல போட்டுடறேன்" என்றான் எபி.

"எரிச்சா அவ வீட்டுக்குள்ளயே வந்துருவா! கேக்காம வெட்டிட்டியே, பாவி."

"எவ?"

"மரத்துக்காரி. அந்த மரத்துக்குள்ள குடியிருக்கறவ; கேக்காம எடுத்த கட்டையில தொட்டில் செஞ்சா, வந்து புள்ளையக் கிள்ளுவா."

குழந்தையை அவன் கையில் திணித்துவிட்டு, காலைக் கழற்றி எடுத்துக்கொண்டு பனியில் இறங்கினாள். அந்தப் பள்ளத்தாக்கில் பூர்ட்ரீ தனியாக நின்றால், அங்கே ஒரு காலத்தில் அடுப்பு எரிந்தது என்று பொருள். வீட்டைக் காக்க நட்ட மரம், வீடு போன பிறகும் காத்துக்கொண்டிருக்கும். கூரையில்லாத சுவருக்குப் பின்னால், வெட்டுப்பட்ட கிளையடியில் கட்டையை வைத்தாள். தலைத்துணியை அவிழ்த்தாள்.

"தாயி, ஒன்னோடதக் குடுத்துட்டேன். என்னோடத விட்டுரு."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வாசலில் எபி கத்தினான்: "ஓடி வாடி, பசியில வீறிடுது!"

குழந்தை மார்பைக் கவ்வியது. பால் இறங்கும் வலியில் கிரிசெல் கண்ணை மூடினாள். வெளியே, பனிக்கு அப்பால், இடிந்த வீட்டுப் பக்கமிருந்து, கல்தரையில் மரத்தொட்டில் மெல்ல ஆடும் ஓசை.

"என்னடி சத்தம் அது?"

"மெதுவாப் பேசு" என்றாள். "அங்கயும் ஒண்ணு தூங்குது."